வெள்ளாங்கரைத் தொகுதியும் இரட்டை பிரேக் காரும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தொழிலில் ஸ்டியரிங் ஒருவர் கையில் இருக்கும், பயம் இன்னொருவர் வயிற்றில் இருக்கும். அந்த இன்னொருவர் நான்.

மனைவிக்கோ மச்சானுக்கோ ஒரு சனிக்கிழமையாவது பார்க்கிங் லாட்டில் கார் பழக்கிவிட்டு, அதற்கப்புறம் இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் என் ஜாதிதான். என்ன, நான் அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டேன். டாட்காம் கம்பெனிகள் வரிசையாக மூடியபோது எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை போனது. எனக்கு வேலை செய்ய அனுமதி கார்டு வந்த வாரமே பரீட்சை எழுதி, பயிற்சியாளர் லைசென்ஸ் வாங்கி, என் கால் பக்கமும் ஒரு பிரேக் வைத்த பழைய கொரோலாவோடு கலிபோர்னியாவின் சன்னிவேலில் இறங்கிவிட்டேன். சாப்ட்வேர்காரர்களின் மனைவிமார், ஊரிலிருந்து வந்த அப்பாக்கள், புதிதாக வந்து இறங்கிய பிள்ளைகள் என்று கூட்டத்துக்குக் குறைவே இல்லை. எல்லாரிடமும் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். "உங்க ஊர் எந்தத் தொகுதி?" சீட் பெல்ட் போடச் சொல்வதே அதற்கப்புறம்தான்.

நாலு பக்கமும் நின்றால்

ரேவதி என்று ஒரு பெண். கல்யாணமாகி வந்து ஆறு மாதம், திருச்சிப் பக்கம். நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கிற சந்திப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வந்து நிற்பவர் முதலில் போக வேண்டும், சேர்ந்து வந்தால் வலது பக்கத்துக்காரருக்கு வழிவிட வேண்டும் என்று பத்து தரம் சொல்லியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து நாலு பக்கமும் ஒரே நேரத்தில் கார் வந்து நின்றது. அதில் மூன்று கார்களில் நம்மூர் முகம். எல்லாரும் எல்லாரையும் பார்த்து "நீங்க போங்க" என்று கையைக் காட்டுகிறார்கள். யாரும் நகரவில்லை.

"போம்மா" என்றேன். கொஞ்சம் நகர்ந்தாள். மற்ற மூன்று பேரும் நகர்ந்தார்கள். எல்லாரும் சேர்ந்து பிரேக் போட்டார்கள். மறுபடியும் கை காட்டுகிற படலம். தேர்தல் பைத்தியமான என்னிடம் இரண்டு வாரம் பாடம் படித்தவள் அல்லவா, ரேவதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள்: "அக்கா, நாலு பேரும் நாமினேஷன் போட்டுட்டாங்க, ஒருத்தரும் வாபஸ் வாங்க மாட்டேங்குறாங்க!"

தொகுதி காணாமல் போன காலை

2008இல் ஒரு நாள் காலையில் காபியோடு இணையத்தில் தமிழ்ப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டமன்றத் தொகுதிகளைத் திருத்தி அமைத்துவிட்டார்களாம். புதிய பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். வெள்ளாங்கரை இல்லை! எங்கள் தொகுதியை மூன்றாகக் கிழித்துப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள்.

வெள்ளாங்கரை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கிழக்கே கடல், மேற்கே எங்கள் ஏரி, நடுவில் முப்பது நாற்பது கிராமம். கடல் பக்கத்தில் வெள்ளாங்கரை டவுன், சிங்கப்பூர், மலேசியா என்று போய்ச் சம்பாதித்த முஸ்லிம் குடும்பங்கள். ஏரிப் பக்கத்தில் நாங்கள், நெல்லும் கடலையும். முதல் எம்.எல்.ஏ. வாடகை சைக்கிளில் ஓட்டுக் கேட்டவர். இரண்டாமவர் ஜெயித்த கையோடு மெட்ராசுக்குக் குடிபோய்விட்டார், மனு கொடுக்க பஸ் ஏறித்தான் போக வேண்டும். தேர்தல் வந்துவிட்டால் எங்கள் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது, எனக்கும் அந்த ரத்தம்தான். ஜீப் சத்தம் கேட்டால் பாதி சாப்பாட்டில் எழுந்து ஓடுவேன்.

அப்படிப்பட்ட தொகுதியின் வரலாற்றை யாராவது எழுதி வைக்க வேண்டாமா? நான் எழுதப் போகிறேன், முதல் தேர்தலிலிருந்து கடைசித் தேர்தல் வரை, ஒரு வேட்பாளர் விடாமல் எழுதப் போகிறேன் என்று அடுப்பங்கரையில் நின்று சபதம் போட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடக்காமலே சொன்னார்: "நமக்கு இந்த நாட்டுல ஓட்டு கிடையாது, அந்த நாட்டுல பேரை எடுத்துட்டான். இல்லாத ஓட்டுக்கு இருந்த தொகுதி போனா உனக்கு என்னடி?"

இடைத்தேர்தல் ரோடு

முரளி என் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பையன், வயது இருபத்தைந்து. வெள்ளாங்கரைத் தொகுதி என்று அவன் வாயால் கேட்டதும் காரிலேயே கைதட்டிவிட்டேன். கார் ஓட்டுவதில் அவனுக்கு ஒரே ஒரு கோளாறு. நல்ல ரோட்டில் பறப்பான், மேம்பாலம் வந்தால் காரணமே இல்லாமல் பிரேக் போடுவான். 101 ஃப்ரீவேயில் ஒவ்வொரு பாலத்துக்கும் என் நெற்றி முன்னால் போய்விட்டுப் பின்னால் வந்தது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்தான்.

"ஏண்டா பாலத்தைக் கண்டா இப்படிப் பண்ற?" என்று கேட்டேன். அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் தொகுதியில் எம்.எல்.ஏ. காலமாகி இடைத்தேர்தல் வந்தபோது, மந்திரிகள் வந்து போவதற்காக ராத்திரி பகலாக ஒரு தார் ரோடு போட்டார்கள். வாய்க்கால் பாலம் வரைக்கும் போடுவதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது. ரோடு பாலத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் பள்ளம்தான். முரளி அந்த ரோட்டில் பைக் பழகியவன். நானே அந்த ரோட்டில் பல்லை உடைத்துக்கொண்டவள், அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

தொகுதி உடைந்த செய்தியை அவனிடம் சொன்னேன். அவன் ஊர் வடக்குத் தொகுதிக்கு, என் ஊர் மேற்குத் தொகுதிக்கு. கொஞ்ச நேரம் வருத்தமாக ஓட்டினான். வீட்டில் இறங்கும்போது சொன்னான்: "இனிமே நீங்க வேற தொகுதி, நான் வேற தொகுதி. ஆனா ஊர்க்காரன் டிஸ்கவுன்ட்ட மட்டும் பிரிச்சுடாதீங்க அக்கா."

மெட்ராஸ்காரர்

லிவர்மோரில் ஃபரீதா என்று ஒரு டாக்டர். மலையைத் தாண்டி ஒரு மணி நேரம் ஓட்டி வேலைக்குப் போகிறவள். அம்மா இறந்தபிறகு அப்பாவைத் தன்னோடு கூட்டி வந்து வைத்துக்கொண்டாள். பெயர் சிக்கந்தர், வயது எழுபது. கார் இல்லாமல் லிவர்மோரில் பால் வாங்கக்கூட முடியாது என்பதால் அவருக்குப் பழக்கிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். தங்கமான மாணவர். கண்ணாடி பார்ப்பார், சிக்னல் போடுவார், ஆளே இல்லாத ரோட்டிலும் முறையாக நிற்பார். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் என் பயிற்சித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் கிறுக்கிவிட்டு ஓடுவார்கள். அவர் கண்ணாடியை மாட்டி, 'ஹா. சிக்கந்தர்' என்று முத்து முத்தாகப் போட்டு, கடைசி எழுத்திலிருந்து கீழே ஒரு வால் இழுத்துவிட்டுத்தான் தாளைக் கொடுப்பார். "எந்தத் தொகுதி அங்கிள்?" என்று கேட்டால் மட்டும், "மெட்ராஸ்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

உண்மையை ஃபரீதா சொன்னாள். "மெட்ராசும் இல்ல ஒன்னும் இல்லக்கா, வெள்ளாங்கரை. வாப்பா போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவங்க. வேலைய விட்டுட்டு எலெக்ஷன்ல சுயேச்சையா நின்னு தோத்தாங்க. அந்த வாரமே எங்களைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டு வந்தவங்க, இன்னிக்கு வரைக்கும் போகல. மாமி, அதான் வாப்பாவோட தங்கச்சி, இன்னும் அதே தெருவுலதான் இருக்காங்க. நடக்க முடியல. தெருப் பொம்பளைங்க எல்லாரும் உங்களுக்குத்தான் போட்டோம் காக்கான்னு அண்ணன்கிட்ட சொல்லிச் சொல்லி, என்னைக்கு வர்றீங்கன்னு போன்ல கேட்டு அழுவுறாங்க. டிசம்பர்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்றேன், அசைய மாட்டேங்குறாங்க." என்ன சின்னம் என்று கேட்டேன், குடை என்றாள். குடைச் சின்னத்தில் நின்றவர்! எங்கள் அப்பா 'குடைக்காரர்' என்று சொல்வாரே, எண்பதுகளில் கடைசி இடம் வந்த சுயேச்சை, என் வரலாற்றில் பெயர் தெரியாமல் கோடு போட்டு வைத்திருந்த ஆள், என் பக்கத்து சீட்டில்!

அடுத்த பாடத்தில் வாய் சும்மா இருக்குமா எனக்கு? கேட்டேவிட்டேன். தெருவில் பெண்கள் எல்லாம் அவருக்குத்தான் போட்டார்களாம் என்று தங்கச்சி சொல்கிறார்களே என்றேன். காரை ஓரமாக நிறுத்தி, பார்க்கிங்கில் போட்டு, கைப்பிரேக்கும் இழுத்துவிட்டுச் சொன்னார்: "ஆறுதலுக்குச் சொல்லுதும்மா அது. எண்ணுற இடத்துல நான் இருந்தேன். என் தெருப் பெட்டியில எனக்கு ரெண்டே ஓட்டு. ஒன்னு நான், இன்னொன்னு என் பொண்டாட்டி. அப்புறம் அந்தத் தெருவுல எனக்கு என்ன வேலை?"

ரகசியம் காலாவதி

அந்தச் சமயத்தில்தான் விஜயா டீச்சர் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தார். கணவருக்கு சன்னிவேலுக்கு மாற்றல், அதனால் இருபது வருஷத்துக்கு மேல் பார்த்த வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவர். சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, என் வெள்ளாங்கரை ஒப்பாரியையும் வைத்தேன். எல் கமீனோ ரியல் ரோட்டில் இடது பக்கம் திரும்புவதற்காகக் காத்திருந்தோம். டீச்சர் சிரித்தார். "வெள்ளாங்கரையா? என் மொத போஸ்டிங்கே அந்தப் பக்கம்தான். ஓட்டு எண்ணுற டியூட்டி போட்டாங்க. அங்க பார்த்தத வெளிய சொல்லக் கூடாதுன்னு உறுதிமொழி வாங்கிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்ல. இப்பத்தான் தொகுதியே இல்லன்னு ஆயிப்போச்சே, இனிமே என்ன ரகசியம்?"

வாக்குச்சீட்டுக் காலம் அது. முத்திரையைச் சின்னத்தின் மேல் குத்தி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். டீச்சர் மேசைக்கு ஒரு பெட்டி வந்தது. திறந்து பிரித்தால் சீட்டுக்குச் சீட்டு குடைச் சின்னத்தில் முத்திரை, அதற்குப் பக்கத்தில் பேனாவால் கையெழுத்து! கட்டுக் கட்டாக, எல்லாம் பெண்கள் பெயர், எல்லாம் இனிஷியலோடு. வாக்காளர் யாரென்று தெரிகிற மாதிரி எதையாவது எழுதினால் அந்த ஓட்டு செல்லாது, சட்டம் அப்படி. அதிகாரி பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், மொத்தத்தையும் செல்லாதவைக் கட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார். குடைக்காரர் ஹாலில் வேறு எங்கேயோ இருந்தாராம், அந்த மேசையில் அவருக்கு ஏஜென்ட் யாரும் இல்லை, இருந்திருந்தால் அவர் காதுக்குப் போயிருக்கும்.

பச்சை விழுந்தது, அம்பு விழுந்தது, இரண்டும் போய் மறுபடி சிவப்பு விழுந்தது. எங்கள் கார் நகரவில்லை, பின்னால் ஒரே ஹாரன். எனக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை. "யார் பேராவது ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். "ஒன்னே ஒன்னு. ஹா. மைமூன். கடைசி எழுத்துலேர்ந்து ஒரு வால் இழுத்திருந்தாங்க பாரு, அது மத்த சின்னத்தையெல்லாம் தாண்டி ஓரம் வரைக்கும் போச்சு!" என்றார் டீச்சர். அப்புறம் சிரிப்பு நின்று மெதுவாகச் சொன்னார்: "செல்லாத ஓட்டுதான் கோமதி. ஆனா அவ்ளோ அழகான கையெழுத்து, செல்லாததுன்னு தள்ளி வைக்க எனக்கு மனசே வரல."

லிவர்மோரில் ஒரு திடீர் பிரேக்

மாணவர் வண்டி ஓட்டும்போது மனசைக் கலைக்கிற பேச்சுப் பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அன்றைக்கு மலையேறிப் போகும்போதே அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சிக்கந்தர் அங்கிள் வீட்டுத் தெருமுனை தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அங்கிள், உங்க தெரு உங்களுக்குத்தான் போட்டுச்சு! எல்லாரும் கையெழுத்துப் போட்டதால செல்லாமப் போச்சு! ஹா. மைமூன்னு ஒரு கையெழுத்து, வாலு ஓரம் வரைக்கும் இருந்துச்சாம்!" சந்திப்பின் நட்டநடுவில் பிரேக்கை மிதித்தார். என் பிரேக்கையும் நான் மிதித்தேன். காருக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் வந்த அம்மாள் மட்டும் ஜன்னலை இறக்கி எங்கள் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

எப்படியோ காரை ஓரம் கட்டவைத்தேன். "மைமூன் என் தங்கச்சிம்மா" என்றார். மெதுமெதுவாகச் சொன்னார். அந்தத் தெருப் பெண்களுக்கு மலேசியாவிலிருந்து மணியார்டர் வரும், கைநாட்டு வைப்பார்கள், நடுவில் இருப்பவன் ஏமாற்றுவான். அதற்காகத்தான் தபால் ஆபீஸ் வாசலில் வைத்து ஒவ்வொருத்திக்கும் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தார், பேனாவும் வாங்கிக்கொடுத்தார். 'யார் எந்தத் தாளை நீட்டினாலும் உன் கையெழுத்து இல்லாம திருப்பிக் குடுக்காதே' என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லி வைத்தார். வாக்குச்சீட்டும் ஒரு தாள்தானே! அத்தனை பேரும் இடுப்பில் பேனாவைச் செருகிக்கொண்டு போய், அவர் சொன்னபடியே செய்திருக்கிறார்கள்.

எனக்கு அழுகையாக வந்தது. அவர் அழுதுகொண்டே இருந்தார், நடுவில் திடீரென்று சிரித்தார். எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் அந்த இரண்டு ஓட்டில் ஒன்று எப்படிச் செல்லுபடியானது, உங்கள் வீட்டுக்காரம்மா மட்டும் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவ என்னைக்கும்மா நான் சொன்னதைக் கேட்டிருக்கா?"

டிசம்பர்

லைசென்ஸ் டெஸ்டில் அங்கிள் ஒரே முயற்சியில் பாஸ். அதைவிடப் பெரிய சேதி, அன்று மாலையே ஃபரீதாவிடம் டிக்கெட் போடச் சொன்னதுதான். ஃபரீதா போனில் கத்திய கத்தலில் என் காது அடைத்துவிட்டது, நானும் பதிலுக்குக் கத்தினேன். வெள்ளாங்கரை இப்போது வேறு ஏதோ தொகுதியில் ஒரு டவுன். தெரு மட்டும் அதே தெரு. ஃபரீதா அங்கிருந்தே எனக்குப் போன் போட்டாள். அவர் வருகிறார் என்று தெரிந்து, இருக்கிற பெண்களெல்லாம் மைமூன் வீட்டு வாசலில் கூடிவிட்டார்களாம். தெருமுனையில் காரை நிறுத்தச் சொல்லி, கடைசித் தூரத்தை அவர் நடந்தே போனாராம்.

உள்ளே போனதும் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டு ஏன் செல்லாமல் போனது என்று முழுவதையும் சொல்லியிருக்கிறார். என்னை மன்னித்துவிடு என்றும் சொல்லியிருக்கிறார். சட்டம், செல்லாதவை, அதிகாரி எதுவும் மைமூன் காதில் ஏறவில்லை. அண்ணன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். அதை ஃபரீதா அப்படியே மாமி சொன்ன மாதிரியே சொன்னாள்: "கையெழுத்துப் போட்டுத்தானே காக்கா குடுத்தோம், அப்பவும் எங்களை நம்பலியா?"

முதல் எம்.எல்.ஏ.வின் வாடகை சைக்கிளில் ஆரம்பித்து கடைசித் தேர்தல் வரை வெள்ளாங்கரைத் தொகுதி வரலாற்றை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன், அதில் ஜெயித்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வரிதான், செல்லாத ஓட்டுக்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம்.